நண்டு ஆலையை வாங்கும் பணத்தைக் கட்டப்போவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் ‘சர்ச் ஃபண்டு’ எனப்படும் தேடல் நிதியைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மேலாண்மை படித்த இளைஞர் ஒருவர், முதலீட்டாளர் சிலரிடம் பணம் திரட்டிக்கொண்டு, எடுத்து நடத்த வாரிசில்லாத நல்ல தொழில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அதை விலைக்கு வாங்கி, தாமே நிர்வாக இயக்குநராக அமர்ந்து நடத்தும் முறை இது என்று கட்டுரை தெளிவாகவே விளக்கியிருந்தது. ஆனால் அதில் போட்ட பணம் ஆண்டுக்கு 35 விழுக்காடு ஈட்டுகிறது என்ற செய்தியோடு நின்றுவிட்டது. அந்தப் பணம் யார் யாரிடமிருந்து வருகிறது, எந்த வரிசையில் திரும்பிப் போகிறது, அந்த வரிசையில் பெயரே இல்லாதவர்கள் யார் என்பதை அது தொடவில்லை. மண்டபத்திலிருந்து தேவிபட்டினம், தொண்டி வரை ஐஸ் ஆலைகளுக்கும் நண்டு கம்பெனிகளுக்கும் கருவாட்டுக் கிட்டங்கிகளுக்கும் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருபவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் காரியம் என்று நானும் ஒதுக்கியிருப்பேன். இரண்டு மாதங்களுக்கு முன், நான் கணக்கெழுதும் ஐஸ் ஆலை ஒன்றின் உரிமையாளர், ஆங்கிலத்தில் வந்த இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வயது அறுபத்தேழு. மூத்த மகன் சிங்கப்பூரில், இளையவர் சென்னையில் மென்பொருள் வேலையில். இருவருக்கும் அமோனியா வாடைக்குத் திரும்பி வரும் எண்ணமில்லை. அவருடைய ஆலையை வாங்கி, அதனோடு பக்கத்து ஆலைகள் சிலவற்றையும் சேர்த்து ஒரே நிறுவனமாக நடத்த விரும்புவதாக ஓர் இளைஞர் மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார். விலையில் ஒரு பகுதியை உடனடியாகவும், மறு பகுதியைச் சில ஆண்டுகளில் தவணையாகவும் தருவதாகக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நான் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், “இது ஆலையை விலைக்குக் கேட்கிற கடிதமா, என்னிடம் கடன் கேட்கிற கடிதமா?” என்றார். இரண்டும்தான் என்றேன். அவர் கேட்ட அந்தக் கேள்விதான் இந்த முறையின் நிதி ஏற்பாட்டுக்குள் நுழையச் சரியான வாசல் என்று இப்போது தோன்றுகிறது.

தேடல் நிதி 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியது. வணிகப் பள்ளிப் பேராசிரியர் இர்விங் கிரௌஸ்பெக்கின் வழிகாட்டுதலில் உருவானதாக அதைச் சொல்வார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வணிகப் பள்ளி இவ்வகை நிதிகளின் வரவு செலவைத் தொடர்ந்து தொகுத்து வெளியிடுகிறது. பார்சிலோனாவின் ஐஈஎஸ்ஈ வணிகப் பள்ளி பிற நாடுகளின் நிதிகளைத் தொகுக்கிறது. கட்டுரையாளர் எடுத்தாண்ட 35 விழுக்காடு ஸ்டான்ஃபோர்டின் கணக்கு. அமெரிக்கா, கனடா இரண்டிலும் அமைந்த 681 நிதிகளை எடுத்துக்கொண்ட 2024ஆம் ஆண்டு அறிக்கை, ஆண்டு ஈட்டு விகிதம் 35.1 விழுக்காடு என்றும், போட்ட பணம் நாலரை மடங்கானது என்றும் சொல்கிறது. அது பொய்க்கணக்கு அன்று. ஆனால் தேடப் புறப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எந்த நிறுவனத்தையும் வாங்காமலே திரும்பியிருக்கிறார்கள் என்பதும், வாங்கியவற்றிலும் சில முதலையே தின்றுவிட்டன என்பதும், ஒரு சில பெருவெற்றிகளே மொத்தச் சராசரியைத் தூக்கி நிறுத்துகின்றன என்பதும் அதே ஆய்வுகளிலிருந்து தெரிவதுதான். ஸ்டான்ஃபோர்டில் படித்த இருவர் 1995இல் வாங்கிய சாலையோர உதவி நிறுவனம் ஒன்று பிற்காலத்தில் கைப்பேசிக் காப்பீட்டில் உலகறிந்த அசூரியனாக வளர்ந்தது. அப்படி ஒன்று கணக்கில் இருந்தால் சராசரி எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சூறை மீன் கூட்டம் ஒரு வள்ளத்துக்குச் சிக்கிய நாளில், கரையில் நிற்கும் எல்லா வள்ளங்களுக்கும் சராசரி போட்டுப் பார்ப்பதைப் போன்றது அது.

பணம் இரண்டு கட்டமாகத் திரட்டப்படுகிறது. முதலாவது, தேடுவதற்கான பணம். பத்து முதல் இருபது முதலீட்டாளர்கள் ஆளுக்கொரு பங்காகப் போட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குத் தேடுபவரின் சம்பளம், பயணம், வழக்கறிஞர் கட்டணம், கணக்காய்வுச் செலவு ஆகியவற்றை ஏற்கிறார்கள். அமெரிக்காவில் இது பல லட்சம் டாலர் வரை போகும். தேடல் வெறுங்கையோடு முடிந்தால் அந்தப் பணம் திரும்பாது. தேடியவரிடம் கேட்கவும் முடியாது. அந்த ஆபத்துக்கு ஈடாக இரண்டு சலுகைகள் உண்டு. நிறுவனம் கிடைத்தவுடன் அதில் முதலீடு செய்யும் உரிமை முதலில் இவர்களுக்கே, விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம். மேலும், தேடலுக்குக் கொடுத்த ஒவ்வொரு நூறு ரூபாயும் வாங்கும் நிறுவனத்தின் கணக்கில் நூற்றைம்பது ரூபாயாக ஏற்றப்படும். எங்கள் பக்கத்தில் வட்டிக்கடைக்காரர்கூட முதல் நாளே அசலைக் கூட்டி எழுதத் தயங்குவார் என்று இதைக் கேட்ட நண்பர் ஒருவர் சொன்னார். அது முழுக்க நியாயமான ஒப்பீடு ஆகாது. வட்டிக்கடைக்காரர் நகையைப் பிடித்துக்கொண்டு கொடுக்கிறார், இவர்களோ எதையும் பிடிக்காமல் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது கட்டம் நிறுவனத்தை வாங்குவதற்கான பணம். இங்கேதான் வாசகர்கள் நிதானித்துப் பார்க்க வேண்டும். முழு விலையையும் முதலீட்டாளர்கள் கொடுப்பதில்லை. ஒரு பகுதி அவர்களுடைய பங்கு முதல். மற்றொரு பகுதி வங்கிக் கடன். மூன்றாவது பகுதி, விற்பவர் தமக்கு வரவேண்டிய விலையில் ஒரு பாகத்தை வாங்குபவருக்கே கடனாக விட்டுவைப்பது. சில பேரங்களில் நான்காவதாக ஒன்றும் சேரும். இன்ன ஆண்டில் இன்ன அளவு லாபம் வந்தால் இவ்வளவு கூடுதலாகத் தருவோம், வராவிட்டால் இல்லை என்ற ஏற்பாடு அது. வங்கிக் கடனும் விற்பவர் கடனும் வாங்கிய இளைஞரின் பெயரில் இருப்பதில்லை. வாங்கப்பட்ட தொழிலின் தலையில் ஏற்றப்படுகின்றன. அதாவது, தன்னை விலைக்கு வாங்குவதற்குப் பட்ட கடனைத் தொழிலே தன் அன்றாட வருமானத்திலிருந்து அடைக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நானே விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்களே அன்றி எந்த ஆலையின் கணக்கும் அன்று. எளிமைக்காக வரியையும் ஒதுக்கிவிடுகிறேன். நண்டு இறைச்சியைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்று ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் லாபம் ஈட்டுகிறது. அதை நான்கு மடங்கு விலையில், 8 கோடிக்கு வாங்குகிறார்கள். முதலீட்டாளர் 4 கோடி, வங்கி இரண்டரைக் கோடி, விற்பவர் விட்டுவைத்தது ஒன்றரைக் கோடி. தேடலுக்குச் செலவான 60 லட்சம், முன்சொன்ன சலுகைப்படி 90 லட்சமாக ஏற, முதலீட்டாளர் கணக்கில் 4 கோடியே 90 லட்சம் நிற்கிறது. அது முன்னுரிமைப் பங்கு. ஆண்டுக்கு 8 விழுக்காடு வீதம் அதற்கு ஈட்டுத்தொகை கூட்டுவட்டி போல ஏறிக்கொண்டே வரும். ஐந்து ஆண்டுகளில் ஆலை தன் லாபத்திலிருந்து வங்கிக்கும் பழைய உரிமையாளருக்கும் வட்டியோடு ஏறத்தாழ 5 கோடியைக் கட்டி முடிக்கிறது. மீதி லாபம் ஆலையிலேயே திரும்பப் போடப்பட்டு, ஐந்தாம் ஆண்டு முடிவில் ஆலை 10 கோடிக்கு மறுபடியும் விற்கப்படுகிறது என்று கொள்வோம். முதலில் முன்னுரிமைப் பங்குக்காரர்கள் தங்கள் 4 கோடியே 90 லட்சத்தையும் ஈட்டுத்தொகையையும் சேர்த்து 7 கோடியே 20 லட்சம் எடுத்துக்கொள்கிறார்கள். மீதமுள்ள 2 கோடியே 80 லட்சத்தில்தான் தேடியவருக்குப் பங்கு.

அவருடைய பங்குக்கும் ஓர் ஏணி உண்டு. தனியாகத் தேடியவருக்கு அதிகபட்சம் 25 விழுக்காடு, இருவர் சேர்ந்து தேடியிருந்தால் இருவருக்குமாக 30 விழுக்காடு என்பது வழக்கம். அதில் மூன்றில் ஒரு பாகம் நிறுவனத்தை வாங்கியவுடன் கிடைக்கும். இன்னொரு பாகம் நான்கைந்து ஆண்டுகள் இருந்து நடத்தினால் சிறிது சிறிதாகச் சேரும். கடைசிப் பாகம், முதலீட்டாளருக்கு ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டித் தந்தால்தான் தொடங்கும், 35 விழுக்காட்டை எட்டினால்தான் முழுமையாகும். மேலே சொன்ன கணக்கில் முதலீட்டாளரின் ஈட்டு விகிதம் 20ஐ எட்டாததால் கடைசிப் பாகம் அவருக்கு இல்லை. ஆகவே 25 விழுக்காட்டில் முதல் இரண்டு பாகங்கள் மட்டும், அதாவது 2 கோடியே 80 லட்சத்தில் ஆறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 47 லட்சம் ரூபாய் அவர் கைக்கு வரும். முதலீட்டாளர்கள் கையிலிருந்து கொடுத்தது 4 கோடியே 60 லட்சம்; எடுத்துச் செல்வது 9 கோடியே 50 லட்சத்துக்கும் சற்று மேல். தேடியவர் ஏழு ஆண்டு உழைப்பில் சம்பளத்தோடு 47 லட்சம் பெற்றிருக்கிறார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதைச் சொல்வதற்காகவே இதை விரிவாக எழுதினேன். இதில் இறங்கும் இளைஞர்களை ஆலைகளை விழுங்க வரும் சுறாக்களாகச் சித்திரிப்பவர்கள் இந்த வரிசையைப் பார்த்ததில்லை. அவரும் கூலிக்காரர்தான், உயர்ந்த கூலி, அவ்வளவே.

சரி, ஐந்து ஆண்டுகளில் கட்டப்பட்ட அந்த 5 கோடி யாருடைய உழைப்பில் வந்தது? நண்டு ஆலைக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். வெந்த நண்டின் ஓட்டைப் பிளந்து, கால் இறைச்சி, உடல் இறைச்சி, முதுகுக் கட்டி என்று தரம் பிரித்து, ஓட்டுத்துணுக்கு ஒன்றுகூடத் தங்காமல் விரல் நுனியால் தடவிப் பார்த்துத் தட்டில் வைப்பவர்கள் நம் ஊர்ப் பெண்கள். கூலி பெரும்பாலும் எடுத்த இறைச்சியின் எடைக்கு. நண்டு வராத நாளில் வேலையுமில்லை, கூலியுமில்லை. தேடல் நிதியின் ஒப்பந்தத்தில் முதலீட்டாளர், வங்கி, விற்பவர், தேடியவர் என்று நான்கு தரப்புக்கும் தனித்தனிப் பத்தி இருக்கும். இவர்களுக்கென்று ஒரு வரியும் இருக்காது. தொழில் நிறுவனம் கைமாறும்போது தொழிலாளியின் பணித்தொடர்ச்சி அறுபடக்கூடாது, சம்பள நிபந்தனைகள் குறையக்கூடாது, அறுபட்டால் இழப்பீடு தரவேண்டும் என்பது நம் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ள ஏற்பாடு. ஆனால் அந்தப் பாதுகாப்பைக் கேட்க, வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். எடைக் கூலிக்கு வரும் பெண்களின் பெயர்களை நான் பார்த்திருப்பது பெரும்பாலும் மேற்பார்வையாளரின் நாற்பது பக்க நோட்டில்தான். புதிய உரிமையாளர் ‘முறையாகக் கணக்கு வைக்கிறேன்’ என்று தொடங்கி அந்த நோட்டைத் தூக்கி எறிந்தால், இருபது ஆண்டு வேலை செய்ததற்கான ஒரே சாட்சியமும் அதோடு போய்விடும்.

விற்பவரின் நிலையும் அக்கட்டுரையில் சொல்லப்பட்ட அளவுக்கு இனிமையானது அன்று. வாரிசில்லாதவருக்குத் தொழிலை மூடிவிட்டு இயந்திரங்களைப் பழைய இரும்பு விலைக்குப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலையில் ஒரு பாகத்தைக் கடனாக விட்டுவைக்கும்போது, வங்கிக் கடன் தீர்ந்த பிறகே தமக்கு வரும் என்று அவர் பின்வரிசையில் நிற்கச் சம்மதிக்கிறார். தொழில் நொடித்தால் வங்கி சொத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர் கையில் காகிதம் மிஞ்சும். இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் மைத்துனர் பதினாறு ஆண்டுகளுக்கு முன் தம் சிறிய ஐஸ் ஆலையை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றார். தேடல் நிதி என்ற பெயரெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஏற்பாடு இதேதான். மூன்றில் இரண்டு பாகம் கையில், மீதி ஆறு தவணைகளில். இரண்டு தவணை வந்தது. மூன்றாவது தவணைக்கு, பழைய கம்ப்ரசர் பழுது என்று சொல்லிக் கழித்துக்கொண்டார்கள். நான்காவதற்கு ஆளையே காணவில்லை. எழுத்தில் இருந்தது ஒரு கடன் உறுதிச்சீட்டு மட்டும். இயந்திரங்களின் மேல் பிணை எழுதி வாங்கவில்லை. அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

விற்பவர் வெறும் பணத்தை மட்டும் விட்டுவைப்பதில்லை என்பதற்கு ஐஸ் ஆலையின் பற்று நோட்டே சான்று. கடலுக்குப் புறப்படும் விசைப்படகுகள் இரவில் பார் பாராக ஐஸ் ஏற்றிக்கொண்டு போகும்; உடனே பணம் கொடுப்பவர் குறைவு. மீன் விற்ற பிறகு, டீசல் கணக்கு, ஐஸ் கணக்கு, உணவுச் செலவு எல்லாம் கழித்து மிஞ்சியதைத்தான் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பங்கு பிரிப்பார்கள். பாடு சரியில்லை என்றால் ஐஸ் பாக்கி அடுத்த பயணத்துக்குத் தள்ளிப்போகும். வெளியிலிருந்து வரும் கணக்காய்வாளர் அந்த நோட்டைப் பார்த்து, ‘வரவேண்டிய தொகை இவ்வளவு’ என்று கூட்டி விலையில் சேர்த்துவிடுவார். அந்த உரிமையாளரோ, எந்தப் படகுக்காரர் மகள் திருமணத்தால் தாமதிக்கிறார், எந்தப் படகு இலங்கைக் கடற்படையிடம் சிக்கி நிற்கிறது, யாரிடம் எந்தப் பேச்சைப் பேசினால் பணம் வரும் என்பதையெல்லாம் அறிந்து வைத்திருப்பவர். அவர் நாற்காலியை விட்டு எழுந்த மறுநாள் அந்தப் பாக்கியில் எவ்வளவு வரும் என்பதை எந்தக் கணினியும் சொல்லாது. விற்ற பிறகும் ஆறு மாதம், ஓராண்டு உடனிருந்து தொழிலைக் கைமாற்றித் தர வேண்டும் என்று இவ்வகை ஒப்பந்தங்களில் எழுதுவது இதற்காகத்தான். அந்த ஓராண்டு உழைப்புக்கும் விலை உண்டு. அதை விற்பனை விலைக்குள் கரைத்துவிடாமல் தனியே எழுதி வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேடல் நிதிக்காரர்கள் விரும்புவது, மாதந்தோறும் தவறாமல் வருமானம் வரும், பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்காத, இயந்திரச் செலவு குறைந்த தொழில்களை. எங்கள் கடற்கரைத் தொழில்கள் இந்த மூன்றுக்கும் நேர் எதிர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகுகளுக்கான சொற்ப விற்பனையைத் தவிர ஐஸ் ஆலை சும்மா நிற்கும். வங்கித் தவணை நிற்காது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அந்த வாரமும் அப்படித்தான். ஏற்றுமதியிலோ, வேறொரு நாட்டின் முடிவு ஒன்றே கணக்கைக் கவிழ்க்கப் போதும். 2025 ஆகஸ்டு இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, அந்நாட்டையே நம்பியிருந்த கடல் உணவுத் தொழில் எப்படித் தடுமாறியது என்பதைத் தங்கள் நாளிதழே எழுதியது. கடனில்லாத உரிமையாளர் இப்படிப்பட்ட மாதங்களில் ஷட்டரை இறக்கிவிட்டுக் காத்திருப்பார். ஐந்து ஆண்டுத் தவணையைத் தலையில் ஏற்றிய ஆலை காத்திருக்க முடியாது. கூலியைக் குறைக்கும், நண்டு கொண்டுவருபவரிடம் விலையைக் குறைக்கும், பராமரிப்பைத் தள்ளிப்போடும். அமோனியா ஓடும் குழாய்களின் பராமரிப்பைத் தள்ளிப்போடுவது என்றால் என்னவென்று ஐஸ் ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கடன் எங்கிருந்து கிடைக்கிறது என்பதிலும் அமெரிக்காவுக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பெரிய முதலீட்டாளரைத் தேடாமல் தனியாகவே தொழில் வாங்க நினைப்பவர்களுக்கு, சிறுதொழில் நிர்வாகம் என்ற அரசு அமைப்பின் திட்டத்தில் 50 லட்சம் டாலர் வரை வங்கிக் கடன் கிடைக்கும். விலையில் பத்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து போட்டால் போதும். பெரிய கடன்களில் 75 விழுக்காட்டுக்கு அரசு உத்தரவாதம். அதற்குப் பதிலாகக் கடன் வாங்குபவர் தம் சொந்தப் பொறுப்பை எழுதிக் கொடுக்க வேண்டும். நம் நாட்டிலோ, ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்குவதற்கு வங்கிகள் கடன் தருவதை ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கட்டுப்படுத்தியே வைத்திருந்தது. இந்திய நிறுவனங்கள் பிற நிறுவனங்களை வாங்க வங்கிகள் கடன் தர வழிசெய்யப்போவதாக 2025 அக்டோபரில்தான் அறிவித்தது. அதுவும் பெரிய நிறுவனங்களுக்குப் பயன்படுமே தவிர, மண்டபத்து ஐஸ் ஆலைக்கு உடனே எட்டாது. இங்குள்ள தொழில்களில் பெரும்பாலானவை தனியுரிமை அல்லது கூட்டாண்மை; விற்பதற்குப் பங்குச் சான்றிதழ் என்று ஒன்றே இல்லை. நிலம், கட்டடம், இயந்திரம், மின் இணைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு என்று ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற வேண்டும்.

அரசின் தொழில் உதவித் திட்டங்களும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றன. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமானாலும், மானியமாக 75 லட்சம் ரூபாய் வரை தரும் தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டமானாலும், அடிப்படையில் புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு உரியவை. இருபது ஆண்டு ஓடிய ஆலையை, அதே ஆலையில் பதினைந்து ஆண்டு வேலை பார்த்த மேற்பார்வையாளர் ஒருவர் வாங்கி நடத்த விரும்பினால் அவருக்கு இவற்றில் இடமில்லை. பக்கத்திலேயே புதிய ஆலை ஒன்றைக் கட்டி இரண்டையும் நட்டத்தில் ஓட்ட விரும்பினால் மானியம் உண்டு. சிறு, குறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத வரம்பு 2025 ஏப்ரல் முதல் 5 கோடியிலிருந்து 10 கோடி ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அந்த உத்தரவாதத்தில் ஒரு சிறு பகுதியை, ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை அதன் தொழிலாளரோ உள்ளூரினரோ வாங்குவதற்கென்று வெளிப்படையாக ஒதுக்கினால், வெளியூர்ப் பணத்துக்காகக் காத்திருக்கும் தேவை பாதி குறையும்.

வெளியூர்ப் பணத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடற்கரையில் பணமே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கீழக்கரையிலும் தொண்டியிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடா நாடுகளிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் வந்த பணம் வீடாகவும் மனையாகவும் தங்கமாகவும் நிற்கிறது. ஒருவர் முதல் போட, மற்றொருவர் உழைப்பைப் போட, லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொண்டு, நட்டம் வந்தால் முதல் போட்டவர் பணத்தையும் உழைத்தவர் தம் உழைப்பையும் இழக்கும் முளாரபா என்னும் கூட்டு முறையை இங்குள்ள வணிகக் குடும்பங்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தேடல் நிதியிலிருந்து அது மாறுபடும் இடமும் கவனிக்கத்தக்கது. முளாரபாவில் முதலுக்கு இவ்வளவு விழுக்காடு என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் ஈட்டுத்தொகை கிடையாது. நூறு நூற்றைம்பதாக ஏறுவதும் கிடையாது. அந்த அடிப்படையில், ஆலையின் தொழிலாளருக்கும் ஒரு பங்கை எழுதி, உள்ளூர்ப் பணத்தில் ஒரு தொழிலையாவது கைமாற்றிப் பார்க்க முடியாதா என்ற எண்ணம் எனக்கு உண்டு.

ஆனால் இதைச் சொன்ன கையோடு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ‘தேடல் நிதி’ என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு, 35 விழுக்காடு என்று அச்சிட்ட தாளோடு ஊர் ஊராகப் பணம் வசூலிக்க யாராவது புறப்பட்டால் அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உண்மையான தேடல் நிதியில் முதலீட்டாளர் இருபது பேரைத் தாண்டுவது அரிது; எல்லாரும் ஒப்பந்தத்தைப் படித்து, முழுப் பணமும் போகலாம் என்று தெரிந்தே போடுபவர்கள். நம் நிறுவனச் சட்டப்படி தனியார் முறையில் பங்கு விற்க ஓராண்டில் 200 பேரைத் தாண்டக்கூடாது. பொதுமக்களிடம் முறையின்றி வைப்புத்தொகை திரட்டுவதை 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. வைப்பீட்டாளர் நலனைக் காக்கத் தமிழகத்துக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. மாத வட்டி தருகிறோம் என்றவர்களிடம் ஓய்வூதியப் பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு இன்றும் நீதிமன்றத்துக்கு அலைபவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஐஸ் ஆலை உரிமையாளரின் கடிதத்துக்கு நாங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. விட்டுவைக்கும் பணத்துக்கு இயந்திரங்களின் மேல் வங்கிக்கு அடுத்தபடியாக இரண்டாம் பிணை தருவீர்களா, தடைக்கால இரண்டு மாதங்களுக்கு வங்கித் தவணையை ஒத்திவைக்க ஏற்பாடு உண்டா, வேலை செய்யும் பதினோரு பேரின் பெயரும் பணியாண்டும் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருமா, ஐஸ் பாக்கியில் வராமல் போவது யார் கணக்கு, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் விற்றால் யாருக்கு விற்பீர்கள் என்று ஐந்து கேள்விகளை மட்டும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஆக்கித் தருவதாகச் சென்னையிலுள்ள இளைய மகன் சொல்லியிருக்கிறார். தங்கள் வணிகப் பக்கம் இத்தகைய ஒப்பந்தம் ஒன்றின் மாதிரியைத் தமிழில், பத்தி பத்தியாக விளக்கத்தோடு வெளியிட்டால், எங்களைப் போன்று கணக்கெழுதுபவர்கள் விற்பவர்களுக்கு வெறும் கடன் உறுதிச்சீட்டு எழுதிக் கொடுப்பதையாவது நிறுத்துவோம்.

இப்படிக்கு,
கணக்கெழுத்தர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.